நலம்விரும்பியின் வைஃபை

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டு பிரிண்டர், யாரும் தொடாமலே, ஒரு மொட்டைக் கடிதத்தை அச்சடித்துத் துப்பியது. 'உங்கள் மகள் ஒருவனோடு பைக்கில் சுற்றுகிறாள். வேலைக்கு அனுப்புவதை நிறுத்தவும். இப்படிக்கு, நலம்விரும்பி.' எங்கள் காகிதம், எங்கள் மை. அப்பாவுக்கு நலம்விரும்பியின் மேல் கோபமே வரவில்லை. "நாளையிலேருந்து நீ வேலைக்குப் போக வேணாம்" என்று பூங்கோதை அக்காவிடம் சொல்லிவிட்டார். அக்கா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வைஃபை செட்டிங்கைத் திறந்தாள். பாதுகாப்பு என்ற இடத்தில் 'எதுவுமில்லை' என்று இருந்தது; அக்கம்பக்கத்தில் யார் வேண்டுமானாலும் உள்ளே நுழைந்து எங்கள் பிரிண்டரிலேயே அச்சடிக்கலாம். அடுக்குமாடியில் பாஸ்வேர்டு போட்டால் அக்கம்பக்கத்தார் தப்பாக நினைப்பார்கள் என்று அப்பா தேர்ந்தெடுத்தது அது.

"எதுக்கு இப்போ பூட்டுற? மறைக்கிறதுக்கு என்ன இருக்கு உன்கிட்ட?"

"பிரிண்டர் இருக்குப்பா."

பட்டியலில் இருந்ததிலேயே கடினமான பூட்டான டபிள்யூபிஏ-3ஐத் தேர்ந்தெடுத்து, இருபது எழுத்தில் பாஸ்வேர்டு போட்டாள். கடைசியாக என்டரில் விழுந்த அடி யார் கன்னத்திலோ விழ வேண்டியது.

பத்தே நிமிடத்தில் எங்கள் வாசலில் ஏழு பேர், ஆளுக்கொரு செல்போனோடு நின்றார்கள். எல்லோருக்கும் முன்னால் மூன்றாம் மாடி அற்புதராஜ் அங்கிள். "என்னம்மா, நெட் திடீர்னு பாஸ்வேர்டு கேக்குது?"

"ஏன் அங்கிள், லெட்டர்ல இன்னொரு பக்கம் பாக்கி இருக்கா?" என்றாள் அக்கா.

ஏழு பேரும் குனிந்து செல்போனைப் பார்த்தார்கள். எந்த லெட்டர் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.