சாவி எங்க?

சிரிக்க வைக்கிறேன், கொஞ்சம் பொறுங்கள். முதலில் எங்க அப்பா கத்தி முடிக்கட்டும்.

"கார் சாவி எங்க? டொரீன், சாவி எங்க? ஜோலீனோட காலேஜ் கண்காட்சிக்கு வேற போய்த் தொலையணும்! டிசைன் படிக்கிறேன்னு என் வாயை மட்டும் போட்டோ எடுத்து வச்சிருக்கா. எழுத்தெல்லாம் லோரி கவுந்த மாதிரி கிடக்கு. இன்னிக்கும் இதே கூத்துன்னா படிப்பு கட். என்கூட ஃபேக்டரிக்கு வந்துடட்டும்!"

தினமும் இப்படித்தான் அப்பா அம்மாவிடம் சாவி கேட்டுக் கத்துவார். அக்கா ஜோலீன் டிசைன் படிக்கிறாள். குரலை எழுத்தாக வரைவது அவளுடைய புது யோசனை.

போன வாரம் அவள் வரைந்தபோது குரல் கொடுத்தது நான். பக்கத்து வீட்டு புஷ்பா ஆன்ட்டி, சர்ச் ஃபாதர், யார் குரலும் எனக்கு வரும். அப்பா மாதிரி நான் கத்தக் கத்த, அக்கா எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனாள்.

"இப்ப அம்மா மாதிரி பேசு, எலியட்."

அது மட்டும் வரவில்லை. காதில் விழுந்தால்தானே வரும்?

கடைசியில் அக்காவே சமையலறைக்குப் போய், அம்மா வாயருகே காதை வைத்துக் கேட்டுவிட்டு வந்தாள்.

காலேஜ் மண்டபத்தில் ஆள் உயரப் பலகை. அதில் அப்பாவின் வாய், குகை மாதிரி. அதிலிருந்து தாளை முட்டிக்கொண்டு கிளம்பும் எழுத்துகள்: 'சாவி எங்க?'

அப்பாவுக்கு மூக்கு விடைத்தது. போச்சு, அக்கா படிப்பு அவ்வளவுதான்!

நான் பலகைக்குப் பின்னால் பாய்ந்து, வாசலில் எங்களை வரவேற்ற லெக்சரரின் குரலை எடுத்தேன்.

"குடும்பத் தலைவருக்கு மரியாதை லா! அதான் அவ்ளோ பெரிய எழுத்து."

அப்பாவுக்கு வாயெல்லாம் பல். கூட வந்திருந்த கூட்டாளி சேது அங்கிளை இழுத்தார்.

"பாத்தியா? பூரா நான்தான்! மக செஞ்சது. என்னை நிக்க வச்சு ஒரு படம் எடு."

போனைத் தூக்கிய சேது அங்கிள் நிறுத்தினார்.

"கீழ மூலையில எறும்பு மாதிரி என்னமோ இருக்கே, காப்ரியல்?"

அப்பா கண்ணாடி மாட்டிக் குனிந்தார்.

'உங்க சட்டைப் பையிலதாங்க இருக்கு.'

அவர் கை தானாகப் பைக்குப் போனது. சாவி அங்கேதான் இருந்தது. அம்மா தரையைப் பார்த்தபடி நின்றார்.

"அம்மா பேசுனது ஏன் இவ்ளோ பொடியா இருக்கு?" அப்பா இவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

அக்கா சொன்னாள்:

"மிச்சம் இருந்த இடம் அவ்ளோதாம்பா."