ஒரு சந்தா, இரண்டு போன்

பல்லவி முடிந்து சரணம் தொடங்கும் நேரத்தில் பாட்டு பொட்டென்று நின்றது.

"வந்துட்டார் உங்கண்ணன்" என்றாள் கல்லாவில் இருந்த மனைவி.

மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் போனை எடுத்துப் பார்த்தார். வழக்கமான அறிவிப்புதான். 'உங்கள் கணக்கில் இன்னொரு போனில் பாட்டு ஓடுகிறது. எல்லோரும் சேர்ந்து கேட்க, குடும்பச் சந்தாவுக்கு மாறுங்கள்.'

"அதுக்குக் குடும்பம்னு ஒண்ணு ஒழுங்கா இருக்கணும்" என்றாள் மனைவி.

அண்ணனும் தம்பியும் ஒற்றுமையாக இருந்த காலத்தில் வாங்கிய பாட்டுச் சந்தா அது. பணம் கட்டுவது அண்ணன், பாஸ்வேர்ட் போட்டது தம்பி. பிறகு ஒரு கல்யாணத்தில் தம்பியை விட்டுவிட்டு குரூப் போட்டோ எடுத்துவிட்டார்கள் என்று ஆரம்பித்த சண்டையில், இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தையே நின்றுபோனது. பாட்டுக் கம்பெனிக்காரனுக்கு இதெல்லாம் தெரியுமா? ஒரு சந்தாவுக்கு ஒரு நேரத்தில் ஒரு போன்தான். ஒருவர் தட்டினால் மற்றவருக்கு நின்றுவிடும்.

"வேணும்னே பண்றார். நான் கடையைத் திறந்து பாட்டைப் போட்டா போதும், மனுஷனுக்கு மூக்குல வேர்த்துடும்!" என்று கடைக்காரர் மறுபடி தட்டினார்.

"பேசாம தனியா ஒரு சந்தா வாங்கித் தொலைங்களேன். கஞ்சத்தனத்துக்கும் ஒரு அளவு வேணாமா?"

"நான் ஏன் வாங்கணும்? அவர் வேணா வாங்கட்டும்."

பொறுக்க முடியாமல் அவளே ஒன்று வாங்கி அவர் போனில் போட்டுக் கொடுத்தாள். அதில் பாட்டு நிற்கவே இல்லை. இரண்டு நாள் கேட்டுவிட்டு, "சப்புன்னு இருக்கு" என்று பழையதற்கே திரும்பிவிட்டார்.

அப்புறம் ஒருநாள் காலை, பாட்டு பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது. மறுநாளும் அப்படியே.

"அப்பாடா, திருந்திட்டார்" என்றாள் மனைவி.

கடைக்காரருக்கு வேலை ஓடவில்லை. அண்ணனுக்கு அறவே பிடிக்காத பாடகியின் பாட்டுகளை வரிசையாகப் போட்டுப் பார்த்தார். ஊஹூம். யாருடைய கண்ணாடியையோ யாருக்கோ மாட்டிவிட்டு, "எப்படி, பளிச்சுன்னு தெரியுதா?" என்று கேட்டார்.

"அண்ணன் உடம்புக்கு ஏதாவது..." என்று ஆரம்பித்தவர், மேலே சொல்லப் பயந்து செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

கதவைத் திறந்தது அண்ணி.

"அண்ணன் நல்லா இருக்காரா அண்ணி?"

"அவருக்கென்ன, நல்லாத்தான் இருக்கார். போன்தான் வாளித் தண்ணியில விழுந்து போச்சு. புதுசு வாங்கினா, அந்தப் பாட்டு சமாசாரம் பாஸ்வேர்ட் கேக்குது. தம்பிகிட்ட கேளுங்கன்னா, மானம் போயிடுமாம். சரியாச் சாப்பிடக்கூட மாட்டேங்கறார்."

தம்பிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது.

"என் பாட்டை நிறுத்த முடியலைன்னு சாப்பாடு இறங்கலையாக்கும்!"

உள்ளே அண்ணன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். "அண்ணே!" என்று தம்பி கூப்பிட்டார். அவர் திரும்பவில்லை. இன்னுமா வீம்பு? விறுவிறுவென்று போய், மேஜையில் கிடந்த புதுப் போனை எடுத்து, பாஸ்வேர்டைப் போட்டு, வேண்டுமென்றே சத்தத்தை முழுசாக வைத்து ஒரு பாட்டைத் தட்டினார். ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது.

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. "வந்துட்டியாடா?"

"இந்தாங்க, ஆசை தீர நிறுத்துங்க!" என்று போனை நீட்டினார் தம்பி. சத்தம் அவருக்கே தாங்கவில்லை. "கொஞ்சம் குறைக்கட்டுமா?"

அண்ணன் சிரித்துக்கொண்டேதான் இருந்தார். பதில் சொன்னது அண்ணிதான்.

"கூட்டினாலும் குறைச்சாலும் அவருக்கு ஒண்ணுதான் தம்பி. காது கேக்காமப் போய் ஒரு வருஷமாச்சு. நீங்க பாட்டுப் போட்டா இதுல உங்க போன் பேரு வரும். 'பய நல்லபடியா கடையைத் திறந்துட்டான்'னு ஒரு தட்டு தட்டிட்டுத்தான், காலையில சாப்பிடவே உக்காருவார்."