இருபத்தி நாலு வரவில்லை

“இருபத்தி மூணு. இருபத்தி அஞ்சு.”

“நாலு எங்க லா?” என்றான் கமால்.

“நடுவுல பேசாதே.” பத்மாவதி தாளில் இருபத்தி நாலைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள்.

போன் ஸ்பீக்கரில் வந்த குரல் அவசரமில்லாமல் நூறு வரை நடந்து போய் நின்றது. “முடிஞ்சுது, மிஸ்.”

“நன்றி சார். லைன்லயே இருங்க.”

துறைமுகத்துக்கு எதிரே இருந்த சரக்கு அனுப்பும் கம்பெனி அது. வேறு ஊரான ஈப்போவில் இருந்த அவர்களுடைய கிளையின் கம்ப்யூட்டர்களும் போனும் ஒரே லைனில் ஓடின. கண்டெய்னர் பட்டியல்கள் அந்த லைனில் ஏற ஆரம்பித்தால், பேச்சு துண்டு துண்டாகிவிடும். இரண்டு வாரமாக இதே கதை. லைனைப் போட்டுக் கொடுத்த நிறுவனத்திலிருந்து பத்மாவதியும் கமாலும் சரிசெய்ய வந்திருந்தார்கள்.

சோதனை சுலபமானது. ஈப்போவில் ஒருவர் ஒன்றிலிருந்து நூறு வரை எண்ண வேண்டும். வந்து சேராத எண்களை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

மூன்று மணிக்கு எண்ணியபோது ஒன்பது எண்கள் கிழிந்து வந்தன. ‘பதி’ என்று ஒரு துண்டு வரும். ‘னேழு’ வழியில் எங்கேயோ விழுந்திருக்கும். அரை மணி நேரத்தில் பத்மாவதி கோளாறைக் கண்டுபிடித்துவிட்டாள்.

“குரலுக்கு முதல்ல வழி விடணும்னு ரூல் எழுதி வச்சிருக்காங்க. ஆனா ஈப்போ ரௌட்டர்ல அதை லைனோட சேர்க்கவே இல்ல.”

“ஆம்புலன்ஸ்ல சைரன் இருக்கு, சுவிட்ச் போடல. அப்படித்தானே அக்கா?”

“அதேதான்.”

இங்கிருந்தபடியே அதைச் சேர்த்தாள். வழியில் தொலைந்த குரல் எவ்வளவு என்று காட்டும் திரையில் சுழியம் வந்தது. அதற்குப் பிறகு மூன்று முறை எண்ணியாகிவிட்டது. சுழியம் மாறவில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு எண் வரவில்லை. முதலில் அறுபத்தி எட்டு. பிறகு நாற்பத்தி ஒண்ணு. இப்போது இருபத்தி நாலு.

மேனேஜர் சிவகுருநாதன் கதவருகே வந்து நின்றார்.

“என்ன மிஸ், ஆச்சா?”

“இன்னும் ஒரு நம்பர் விடுது சார்.”

“நூறும் வந்து சேரணும். அங்க எண்றவரு கந்தப்பு, எங்க ஹெட் கிளார்க். முப்பது வருஷத்துல ஒரு கண்டெய்னர் எண்ணிக்கை அவருக்குத் தப்பினதில்ல. அவர் எண்ணி ஒண்ணு குறைஞ்சா, குறை உங்க லைன்லதான். அஞ்சு மணி வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் உங்க சாமானைக் கழட்டி எடுத்துட்டுப் போயிடுங்க.”

அவர் போனதும் கமால் கடிகாரத்தைப் பார்த்தான். நாலு நாற்பது.

“போன மாசம் நம்ம ஆபீஸ்ல ரெண்டு பேரை நிறுத்தினாங்க. இந்த வேலையும் கைவிட்டுப் போனா அடுத்தது நான்தான் அக்கா.” குரலைத் தாழ்த்தினான். “அந்தக் கிழவர் வேணும்னே பண்றாரு. புது போன் பிடிக்கல போல. மத்தியானம் நீங்க முதல்ல ஹலோ சொன்னப்பவே பார்த்தீங்களா? அரை நிமிஷம் சத்தமே இல்ல. லைன் செத்துப்போச்சுன்னே நெனச்சேன்.”

“மரியாதையாப் பேசு.”

“மறுபடியும் எண்ணட்டா, மிஸ்?” என்றது ஸ்பீக்கர். “எனக்கு வேற வேலை ஒண்ணும் இல்ல.”

“எண்ணுங்க சார்.”

இம்முறை அவள் தாளைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். அந்தக் குரலுக்குப் பின்னால் ஒரு பழைய மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ‘கடக்’. லைன் எதையாவது விழுங்கினால் பேச்சை மட்டும் விழுங்காது. விசிறியையும் சேர்த்துத்தான் விழுங்கும்.

“பதினாலு.” கடக். “பதினஞ்சு.” கடக். “பதினேழு.”

விசிறியின் ஒரு சுற்றுகூடத் தவறவில்லை. பதினாறு வழியில் தொலையவில்லை. அது ஈப்போவிலிருந்து கிளம்பவே இல்லை.

கமாலும் கவனித்துவிட்டான். எழுந்தான். “நான் போய் மேனேஜர்கிட்ட சொல்றேன். அந்த ஆளுக்கு ஒழுங்கா எண்ணத் தெரியலன்னு.”

“அவருக்கு எண்ணத் தெரியும்.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“உட்காரு கமால்.”

வெளியே பட்டர்வொர்த்துக்குப் போகும் ஃபெரி படகு ஒலியெழுப்பிக்கொண்டு புறப்பட்டது. குரல் தொண்ணூறைத் தாண்டியது. கடைசிப் பத்து எண்களை முன்னைவிட மெதுவாக, ஒவ்வொன்றாக எடுத்து வைப்பதுபோல எண்ணியது. நூறு. மணி நாலு ஐம்பது.

“முடிஞ்சுது, மிஸ்.” கடக். “இப்பவும் ஒண்ணு விட்டுப்போச்சா?”

பத்மாவதி ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள். சீனரான லிம்மை வீட்டை மீறிப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு ஈப்போவை விட்டு வந்து ஏழு வருடமாகிறது. வீட்டுக்குப் போன் செய்யும்போதெல்லாம், அவள் குரல் கேட்டதுமே மறுமுனையில் ரிசீவர் வைக்கப்படும் சத்தத்தைத்தான் கேட்டிருக்கிறாள்.

“அஞ்சு மணிக்குப் பிறகும் நான் போனை வைக்க மாட்டன்,” என்று வீட்டுப் பேச்சில் சொன்னாள். “நூறையும் விடாம எண்ணுங்கோ, அப்பா.”