காட்டாத எழுத்து

கரைத்தீவின் பின்நேர வெயில் தகரக் கூரையின் ஆணித் துளைகளால் இறங்கி, மேசையிலுள்ள பழைய லெப்டொப்பின் மேல் பொட்டுப் பொட்டாக விழுகிறது. கடைக்காரன் தூக்கி எறியச் சொன்ன மெஷின் அது. மருமகள் றுமானா நேற்றுத்தான் அதற்கு லினக்ஸ் போட்டுக் கொடுத்தாள். இன்று பிரவுசரைத் தன் கையாலேயே ஏற்றுவதென்று சபூறா உம்மா ஒற்றைக் காலில் நிற்கிறார். றுமானா சொல்லச் சொல்ல, இறால் உரித்து வெடித்த அவர் விரல் கட்டளையை எழுத்தெழுத்தாகத் தேடி அடித்து முடிக்கிறது. கறுத்த திரை பாஸ்வேர்ட் கேட்கிறது. தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்களெல்லாம் துரத்தப்பட்டபோது விட்டுவந்த மன்னார் ஊரின் பெயரைத்தான் அவர் பாஸ்வேர்டாக வைத்திருக்கிறார். முதல் எழுத்தை அடிக்கிறார், ஒன்றும் வரவில்லை. அடுத்ததற்கு ஒரு புள்ளிகூட இல்லை. வெள்ளைக் கட்டம் மட்டும் அதே இடத்தில் நின்று சிமிட்டுகிறது. "எழுத்து விழுகுது மாமி. பாஸ்வேர்டை அது வெளியில காட்டாது, அவ்வளவுதான்," என்கிறாள் றுமானா. கதிரையில் சாய்ந்திருக்கும் சபூறா உம்மாவின் கணவர் ஜப்பார் எட்டிப் பார்த்துச் சிரிக்கிறார். "ஒண்டையும் காணல்ல. இந்த வயசில என்னத்துக்கு இது? புள்ளக்கிட்டக் குடு." உதவ நீளும் றுமானாவின் கையைச் சபூறா உம்மா புறங்கையால் ஒதுக்குகிறார். முக்காட்டை இழுத்துச் செருகுகிறார். "நம்மட ஊரும்தான் இஞ்சருந்து பாத்தாத் தெரியல்ல. அதுக்காக இல்லெண்டு சொல்லுவீங்களா?" ஜப்பாரின் சிரிப்பு நின்றுபோகிறது. சபூறா உம்மா திரையைப் பார்க்காமலே ஊரின் மிச்ச எழுத்துகளை ஒன்றும் விடாமல் அடித்து, மேசையிலிருக்கும் தேத்தண்ணிக் கிளாஸ் அதிர என்டரைக் குத்துகிறார். கறுத்த திரை பாஸ்வேர்டை ஏற்றுக்கொள்கிறது; வெள்ளை வரிகள் மளமளவென்று ஓடுகின்றன.