மழைக்கு எங்கே ஒதுங்குவது?

அணில்கள் நலச் சங்கம், உறுப்பினர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல, தன் வலைத்தளத்தில் ஒரு செயற்கை நுண்ணறிவு இயந்திரத்தை வைத்தது.

முதல் மழையன்று நிறைமாத அணில் ஒன்று, "எங்கே ஒதுங்கலாம்?" என்று கேட்டது.

"புளியமரப் பொந்து" என்றது இயந்திரம்.

அணில் ஓடிப்போய்ப் பார்த்தால், அங்கே அடிக்கட்டைதான் இருந்தது.

நனைந்து நடுங்கி வந்த அணிலைக் கண்டதும், செயலாளர் அணில் இயந்திரத்தின் மேல் எரிந்து விழுந்தது. "அந்த மரத்தை வெட்டி மூணு வருஷமாச்சு. இதுகூடத் தெரியாதா உனக்கு?"

"எப்படித் தெரியும்? ஒதுங்குற இடம் பத்தி உங்க தளத்துல நாலு அறிவிப்பு இருக்கு. ஒண்ணுலயும் தேதி இல்ல. நாலுக்கும் பக்கத்துல 'புதியது'ன்னு மின்னுது. பழசை எடுங்கன்னு எத்தனை தடவைதான் சொல்றது?"

"எப்படி எடுக்கிறது? அது முன்னாள் தலைவர் கையெழுத்துப் போட்டது. எடுத்தா அவர் கோவிச்சுக்குவார்."

செயற்குழு அவசரமாகக் கூடி, இயந்திரத்தை மாற்றியது. கூடவே, 'இயந்திரம் சொல்வதை நம்ப வேண்டாம்' என்று ஐந்தாவது அறிவிப்பையும் போட்டது. அதற்குப் பக்கத்திலும் 'புதியது' மின்னியது.

அடுத்த மழைக்கு அதே அணில் குட்டிகளோடு வந்து கேட்டது.

"நான் சொல்வதை நம்ப வேண்டாம்" என்றது புது இயந்திரம். "புளியமரப் பொந்துக்குப் போகவும்."