பாதரசக் கோடு

ஊரில் இப்போது தனிச் சுடுகாடு கிடையாது. குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் உலையிலேயே பின்பக்கம் ஒரு வாசல் வைத்துவிட்டார்கள். அந்த உலையின் புகைபோக்கியிலிருந்து ஓர் இழை புகைகூட வெளியே வராமல் செய்தவர் தணிகாசலம். அவருடைய வாழ்நாள் ஆராய்ச்சியே அதுதான். இன்று மனைவி சுகந்தியின் உடலை அந்த வாசலில் விட்டுவிட்டு, மகளோடு கட்டுப்பாட்டு அறையில் நின்றார். அழுகை வரவில்லை. உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது.

மகள் மதிவதனி ஜன்னல் வழியே வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புகையே வரலையேப்பா. அம்மா போறது எப்படித் தெரியும்?"

"தெரியாதும்மா. அப்படித்தான் கட்டியிருக்கு."

அப்போது, உலைப்புகையில் கலந்த நச்சுகளை அளந்து காட்டும் திரையில் தரையோடு படுத்திருந்த ஒரு கோடு மெல்லத் தலைதூக்கியது.

"சார், பாதரசம் ஏறுது," என்றாள் பணியிலிருந்த ஜெயசீலி. "குப்பையோட பழைய தெர்மாமீட்டர் ஏதாவது வந்துருச்சா?"

தெர்மாமீட்டர் இல்லை என்று தணிகாசலத்துக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் சுகந்தியின் கடைவாய்ப் பல்லை அடைத்த பாதரசக் கலவை அது. வாய்விட்டுச் சிரித்தால் கறுப்பாகத் தெரியும். சட்டென்று கையால் மறைத்துக்கொள்வாள்.

அவள் சிரிப்பு நினைவுக்கு வருவதற்குள் அவர் கை, பழக்கதோஷத்தில், பாதரசத்தைப் பிடிக்கும் கரித்தூளைத் திறந்துவிட்டிருந்தது. கோடு இறங்கி மறுபடி தரையோடு படுத்தது.

"லிமிட்டைத் தாண்டலை சார்," என்றாள் ஜெயசீலி நிம்மதியாக.

மதிவதனி திரும்பினாள். "ஏதோ ஏறிச்சே, என்னப்பா அது?"

"ஒண்ணுமில்லம்மா," என்றார் தணிகாசலம். "வெளியே எதுவும் போகலை."