மேனேஜருக்குக் கால்வலி

மேனேஜர் காலைத் தூக்கிக்கொண்டு நொண்டுவதைப் பார்த்ததும் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு உள்ளுக்குள் அப்படியொரு சந்தோஷம். முகத்தை மட்டும் துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி வைத்துக்கொண்டார்.

மேனேஜர் என்பது அவர்கள் வீட்டு நாய். எந்த வேலையும் செய்யாமல், மற்றவர்கள் வேலை செய்வதை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பதால் வந்த பெயர்.

“கிளம்புற நேரத்துல இப்படியா?” என்று அலுத்துக்கொண்டார்.

வாசலில் வேன் நின்றது. கோடை விடுமுறைக்கு மனைவியின் பிறந்த வீட்டுக் கூட்டம் மொத்தமும் மலைப் பங்களாவுக்குப் புறப்பட்டாயிற்று. போகிற வழியில் மேனேஜரை நாய்கள் விடுதியில் இறக்கிவிடுவதாக ஏற்பாடு.

அந்தப் பயணம் என்றாலே அவருக்கு வேப்பங்காய். விடிவதற்குள் எல்லோரையும் எழுப்பி நடக்க இழுத்துப்போகும் மைத்துனன், புதுக் காரைப் பற்றியே பேசும் சகலை, ஒரே குளியலறைக்கு நீளும் வரிசை. போன வருடம் அங்கே கொஞ்சமாவது கலகலப்பு இருந்ததென்றால் அது தன்னால்தான் என்பது அவர் எண்ணம். சாப்பாட்டு மேஜையில் ஒருவர் விடாமல் ஒற்றைக் கண்ணைப் பொத்திக்கொண்டு ஜாம் பாட்டிலின் பொடி எழுத்தைப் படிக்க வைத்தது அவர்தானே.

வரவில்லை என்று நேராகச் சொல்ல அவருக்கு வாய் வராது. அதனால் மொட்டை மாடியில், வெயில் ஏறுவதற்கு முன், ரகசிய வகுப்பு நடந்தது. அவர் இருமினால் மேனேஜர் இடது முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நொண்ட வேண்டும், நொண்டினால் பிஸ்கட். நாய்க்குப் புரியட்டும் என்று எதிரில் நின்று தானே நொண்டிக் காட்டினார்.

இன்றைக்கோ அவர் இருமக்கூட இல்லை. மனைவி சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். மேனேஜர் தானாகவே ஆரம்பித்துவிட்டது. ஆனால் தூக்கியது வலது கால். எதிரில் நின்று சொல்லிக்கொடுத்ததில், கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலம் மாறிவிட்டதாக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

சரிசெய்துவிடலாமே என்று லேசாக இருமினார். மேனேஜர் அவரைப் பார்த்தது. சாவிக்கொத்தைப் பார்த்தது. இரண்டு கால்களையும் மாற்றி மாற்றித் தூக்கிவிட்டு, எதற்கு வம்பு என்று அப்படியே படுத்துக்கொண்டது.

அவருக்கு வேர்த்துவிட்டது. நல்லவேளை, மனைவி அந்த நேரம் பார்த்துப் பையின் ஜிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

“இருங்க, டாக்டரைக் கேட்டுடறேன்” என்று உள்ளே போனவள், போன வேகத்தில் திரும்பி வந்தாள். “ஒண்ணும் பயமில்லையாம். வண்டியில ஏத்தி அலைக்கழிக்காம, வீட்டிலேயே யாராவது கூட இருந்து பார்த்துக்கிட்டா போதுமாம்.”

“அப்ப நீ கிளம்பு. நான் இருக்கேன்.”

“நீங்க இல்லாமலா?”

“வாயில்லாத ஜீவனை இப்படி விட்டுட்டு எனக்கு அங்க சோறு இறங்குமா?”

மனைவி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. இவ்வளவு பிரியமா என்று அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

“மாமா வரலையா? அடப் பாவமே” என்று மைத்துனன் வேனுக்குள்ளிருந்து குரல் கொடுத்தான். சொல்லி முடிப்பதற்குள் வண்டியைக் கிளப்பிவிட்டான்.

வேன் தெருமுனை திரும்பியதும் கடைக்காரர் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, மின்விசிறியை முழு வேகத்தில் வைத்துக் கூடத்தில் மல்லாந்தார். நன்றி மறக்கிறவர் இல்லை அவர். சாக்கை நனைத்து மேனேஜருக்கு ஜன்னலோரம் விரித்தார். ஜன்னலுக்குத் திரை இழுத்துவிட்டார். தண்ணீர்க் கிண்ணத்தில் பனிக்கட்டி மிதக்கவிட்டார். பிஸ்கட்டுக்கும் குறைவில்லை.

சாயங்காலம் மனைவியிடமிருந்து போன் வந்தது.

“வந்து சேர்ந்துட்டோம். மத்தியானத்துல மேனேஜரை வெளியே கூட்டிட்டுப் போகலையே? தார் ரோடு சுட்டா பாதம் கொப்பளிச்சிடும்.”

“எனக்குத் தெரியாதா? ஈரச் சாக்குல மகாராஜா மாதிரி படுத்திருக்கான்” என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். “நீ இல்லாம வீடுதான் வெறிச்சுன்னு இருக்கு.”

அந்தப் பக்கம் மனைவியைச் சுற்றி ஒரே சிரிப்பும் கும்மாளமுமாகக் கேட்டது. பாவம், தான் இல்லாத குறையை மறக்க முயல்கிறார்கள் என்று தோன்றியது.

“கால் எப்படி இருக்கு?” என்றாள்.

மேனேஜர் அப்போது பந்தைத் துரத்திக்கொண்டு கூடத்துக்கும் சமையலறைக்குமாகப் பறந்துகொண்டிருந்தது.

“அதை ஏன் கேக்குற. ஒரு அடி எடுத்து வைக்க முடியல. இன்னும் நொண்டிக்கிட்டேதான் இருக்கான்.”

“எந்தக் கால்?”

இந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. மொட்டை மாடி வகுப்புதான் சட்டென்று நாக்கில் வந்து நின்றது.

“இடது கால்.”

அந்தப் பக்கத்துச் சிரிப்பு சடாரென்று அடங்கியது. “உஷ்” என்று யாரோ யாரையோ அடக்கினார்கள். மனைவியின் குரல் மட்டும் நிதானமாக வந்தது.

“அது நீங்க சொல்லிக்கொடுத்த கால். நான் சொல்லிக்கொடுத்தது வலது.”